வாளைத் தேய்க்காதீர்கள்: அமெரிக்க அதிகாரிகளின் பழைய வாள்கள் குறித்து ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் அமெரிக்க இராணுவ அதிகாரிகளின் பழைய வாள்களுக்கென்று இரண்டு பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழில் இந்த வாள்களைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், அத்தகைய வாள் ஒன்று கைக்கு வந்தால் அதன் துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பித்தளைப் பிடியைப் புளி போட்டு விளக்கி, பளபளப்பாக்கி வைத்தால் மதிப்பு கூடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறிவுரையை யாராவது நம்பிச் செயல்பட்டால், 150 ஆண்டுகள் கடந்து வந்த ஒரு சான்று அரை மணி நேரத்தில் அழிந்துபோகும். ஆயுத பூசை நெருங்கிவரும் நேரத்தில் இது வெளிவந்திருப்பதால், நம் மாவட்டத்து வீடுகளிலும் கோயில்களிலும் உள்ள பழைய வாள்களை எண்ணியும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓசூரில் டூல் ரூம் ஒன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். எஃகோடும் அச்சோடும் அமிலப் பொறிப்போடும் பழகிய கை. மகள் குடும்பம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பதால் அங்கே தங்கியிருந்த காலங்களில் இந்த வாள்களைப் பார்க்கவும், வாங்கவும், அவற்றைப் பல்லாண்டுகளாகச் சேகரிப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வாய்ப்புக் கிடைத்தது. என் சிறு சேகரிப்பு இன்றும் மகளின் வீட்டிலேயே இருக்கிறது.

கட்டுரை சொல்லாமல் விட்ட அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் படையில் சிப்பாய்க்கு அரசு வாள் கொடுத்தது. அதிகாரியோ தன் வாளைத் தன் கைக்காசு போட்டுத்தான் பெரும்பாலும் வாங்கினார். ஆகவே சிப்பாயின் வாளில் அரசு ஆய்வாளரின் முதலெழுத்து முத்திரையும் ஆண்டும் இருக்கும்; ஒரே பட்டறையில் செய்த நூறு வாள்களும் ஒன்றுபோலவே இருக்கும். அதிகாரியின் வாளில் செய்தவர் பெயர், விற்ற கடையின் பெயர், அவரவர் வசதிக்கேற்ற அலங்காரம், சில வேளைகளில் வைத்திருந்தவரின் பெயர் எல்லாம் இருக்கும். ஒரு வாளைப் போல மற்றொன்று இராது. சேகரிப்பவர்களை அதிகாரிகளின் வாள் இழுப்பதற்குக் காரணம் இதுதான். அதன் கூர்மைக்கும் பளபளப்புக்கும் இதில் பங்கு மிகக் குறைவு.

அதிகம் புழங்குவது 1850-ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த காலாட்படை அதிகாரி வாள். பிரெஞ்சு வாளைப் பார்த்து அமைத்தது. சற்றே வளைந்த, சுமார் 30 அங்குல அலகு. இலைக்கொடி வேலைப்பாட்டோடு துளையிட்டு வார்த்த பித்தளைக் கைக்காப்பு. மீன்தோல் போர்த்தி, முறுக்கிய கம்பி சுற்றிய பிடி. வாய், நடு, நுனி ஆகிய மூன்று இடங்களில் பித்தளைப் பூண் போட்ட தோல் உறை. அதே ஆண்டில் ஏற்கப்பட்ட உயர் அதிகாரிகளுக்கான மாதிரியில் கைக்காப்பின் கொடிகளுக்கு நடுவே 'யு.எஸ்.' என்ற எழுத்துகள் இருக்கும். உறை பெரும்பாலும் உலோகத்தால் ஆனது. 1861-இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டதும் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று அதிகாரிகளானார்கள். மாசசூசெட்ஸின் சிக்கோபி ஊரில் இருந்த ஏம்ஸ் நிறுவனம், அதே மாநிலத்தின் ரோபி, டிரென்டனில் எமர்சன் அண்டு சில்வர், பிலடெல்பியாவில் ஹார்ஸ்ட்மன் என்று பலரும் வாள் செய்து விற்றனர். போதாததற்கு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து அலகுகள் கப்பலில் வந்து இறங்கின. அலகின் அடியில் நின்ற கோலத்தில் ஒரு கவச வீரனின் சிறு உருவம் இருந்தால் அது சோலிங்கன் கிளாபர்க் பட்டறையின் முத்திரை. ஏம்ஸ் நிறுவனம் வாளோடு நிற்கவில்லை. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேலவைப் பக்கத்து வெண்கலக் கதவுகளை வார்த்ததும் அவர்களே. அந்தக் கை எத்தனை தேர்ந்த கை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்போது தேய்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரி வாளின் அலகில் கொடிகளும், சிறகு விரித்த கழுகும், ஆயுதக் குவியலும், 'யு.எஸ்.' எழுத்தும் இருக்கும். இவை உளியால் செதுக்கப்பட்டவை அல்ல. அலகின் மேல் அமிலம் தின்னாத பூச்சு ஒன்றைத் தடவி, வேண்டிய இடத்தில் அதை நீக்கி, அமிலம் விட்டு அரிக்கச் செய்தவை. அதன் ஆழம் மயிரிழைதான். கண்ணுக்குத் தெரியும், நகத்தின் நுனியால் வருடினால் இலேசாகத் தட்டுப்படும், அவ்வளவே. பூவேலைக்குப் பின்னால் உள்ள தளம் பனி படர்ந்தாற்போல் மங்கலாக இருப்பதும் அமிலத்தின் வேலை. அந்த மங்கலுக்கும் பூவின் வெளிச்சத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் படம் தெரிகிறது. உப்புத்தாள் முதலில் தின்பது அந்த வேறுபாட்டை. எண்பதாம் நம்பர் தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் கழுகின் கழுத்து போய்விடும். பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் விற்ற கடையின் பெயரும் சேர்ந்து போகும். பித்தளைக் கைக்காப்பிலும் இதே கதைதான். இவற்றுள் பல, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடேற்றி முலாமிட்டவை. இத்தனை ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு அந்த முலாம் கொடியின் இடுக்குகளில், விரல் படாத குழிகளில் மட்டும் மிஞ்சியிருக்கும். புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குகிறாற்போல் துலக்கினால் இடுக்கில் இருந்ததும் போய்விடும். அதன் பிறகு அந்தக் கைக்காப்பு முலாமிட்டதா, வெறும் பித்தளையா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

என்னிடமுள்ள ஒரு வாளின் உறை வாய்ப்பூணில், கைக்காப்புக்குக் கீழே மறைந்துகிடக்கும் இடத்தில், ஒரு துணைநிலை அதிகாரியின் பெயரும் அவர் சேர்ந்திருந்த கம்பெனி என்னும் சிறு படைக்குழுவின் எழுத்தும், மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் என்னும் படைப்பிரிவின் எண்ணும் ஊசிமுனையால் கீறியதுபோல் இருக்கின்றன. பகலில் நேராகப் பார்த்தால் கறுத்த பித்தளை மட்டுமே தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்துகள் எழுந்து வரும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்தால் அவருடைய படைப்பணிப் பதிவும், ஓய்வூதியக் கோப்பு இருந்தால் அதுவும் கிடைக்கும். எந்த ஊரில் சேர்ந்தார், எப்போது காயம்பட்டார், குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது என்பது வரை அதில் வரும். வாள் ஒரு மனிதரிடம் சென்று சேரும் வழி அந்தக் கறுத்த பூணில் இருக்கிறது. அதைத் துலக்கத் தொடங்கினால் அந்த வழி அடைபடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராபர்ட் கூல்ட் ஷா என்பவரின் வாளைச் சொன்னால் போதும். கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டின் கர்னல் அவர். 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையின் மீது நடந்த தாக்குதலில் மதிலில் நின்று உயிர் விட்டார். தம் வீரர்களோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டார். அவருடைய வாளை எதிர்ப்படையினர் எடுத்துச் சென்றனர். போர் முடியும் தறுவாயில் அது மீட்கப்பட்டுப் பெற்றோரிடம் சேர்ந்தது; அதன் பின் எங்கே போனது என்று உலகுக்குத் தெரியவில்லை. 2017-இல் அவருடைய சகோதரி வழிக் குடும்பத்தார் வீட்டுப் பரணில் அது கிடைத்தது. இன்று பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. பரணில் கிடந்த ஒரு வாள் அவருடையதுதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? அலகில் பொறித்திருந்த அவருடைய மூன்று முதலெழுத்துகளும், இலண்டன் வில்கின்சன் நிறுவனம் அலகில் அடித்த வரிசை எண்ணும் அப்படியே இருந்தன. அந்த எண்ணை நிறுவனத்தின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட முடிந்தது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தில் யாரேனும் ஒருவர் ஆர்வமிகுதியால் அதைச் சாணைக்காரரிடம் கொடுத்திருந்தால், அது பெயரில்லாத பழைய இரும்பாகத்தான் இன்று இருக்கும்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு, அவர்கள் வாளைப் பற்றிக் கிருஷ்ணகிரிக்காரருக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதியின் வரலாறே அதற்கு விடை சொல்லும். அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது, அதன் தளபதி காரன்வாலிஸ் உடல்நலமில்லை என்று சொல்லி நேரில் வரவில்லை. சரணடைவின் அடையாளமான வாளைத் தம் துணைத்தளபதி ஓ'ஹாராவிடம் கொடுத்து அனுப்பினார். அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனும் தாமே அதைப் பெறாமல், தமக்கு அடுத்த நிலையில் இருந்த பெஞ்சமின் லிங்கனைக் காட்டினார். அதே காரன்வாலிஸ்தான் பத்தாண்டு கழித்துத் திப்பு சுல்தான் மீது படையெடுத்து வந்தவர். 1791-இல் இராயக்கோட்டை வீழ்ந்ததும், கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கைப்பற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை செய்த முயற்சி தோற்றதும் அந்தப் போரில்தான். 1792 உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. ஆங்கில அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய அதே மரபு வாள்களைப் பார்த்துத்தான் தொடக்ககால அமெரிக்கப் பட்டறைகளும் வாள் அடித்தன. ஆகவே இராயக்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றில் கம்பெனிக் காலத்து அதிகாரி வாள் கிடைத்தால், அமெரிக்க வாளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதையும் படிக்கத் தெரியும்.

போலிகளைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இது சங்கடமான செய்தி என்றாலும் சொல்லியாக வேண்டும்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கால வாள்களின் நகல்கள் பல பத்தாண்டுகளாக நம் நாட்டில் செய்யப்பட்டு அங்கே ஏற்றுமதியாகின்றன. டேராடூன் இதற்குப் பெயர்பெற்ற ஊர். நகலை நகல் என்று சொல்லி விற்பதில் தவறொன்றும் இல்லை; மேடை நாடகத்துக்கும் அணிவகுப்புக்கும் அவை வேண்டும். இடையில் வாங்குகிறவர்களில் சிலர் 'இந்தியா' என்ற முத்திரையை அரத்தால் ராவிவிட்டு, அமிலத்தில் தோய்த்துத் துரு ஏற்றி, அசல் என்று விற்றுவிடுகிறார்கள். தெற்கத்திய கூட்டணிப் படையின் வாள் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருப்பதால் அதில்தான் போலி மிக அதிகம்.

அசலைக் கண்டுகொள்ள நான் நம்பும் கருவி, கனத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவி. வாளின் முதுகின் கனத்தைக் கைப்பிடிக்கு அருகே அளந்து, பிறகு ஒரு சாண், இரு சாண் என்று நகர்ந்து நுனி வரை அளக்க வேண்டும். பழைய பட்டறையில் கொல்லர் அடித்த அலகு அடியில் கனத்துத் தொடங்கி நுனியை நோக்கி ஒரே சீராக மெலிந்துகொண்டே போகும். நுனிக்கு அருகில் அடியின் பாதிக் கனம்கூட இராது. கையில் தூக்கிப் பிடித்தால் வாள் தானாகவே உயிரோடு அசைவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இந்த மெலிவுதான். தகட்டிலிருந்து வெட்டி எடுத்த நகலில் கனம் ஏறக்குறைய மாறாமல் வரும். நுனிக்கு அருகில் மட்டும் திடீரென்று தேய்த்துக் குறைத்திருப்பார்கள். அலகின் நீளவாட்டுப் பள்ளம் எப்படி முடிகிறது என்பதையும் பார்க்கலாம்: அசலில் அது ஆற்றுமணல்போல் மெல்ல மேலேறிக் கரையும், நகலில் வெட்டு விழுந்ததுபோல் நிற்கும். அலகும் கைக்காப்பும் சேருமிடத்தில் ஒரு சிறு தோல் வளையம் இருந்ததற்கான தடம், பிடியில் சுற்றிய கம்பியின் கீழ் மீன்தோல் அழுந்திய பள்ளம் ஆகியவற்றை அமிலத்தால் போலி செய்ய முடியாது. இவை எல்லாமே தேய்க்காத வாளில் மட்டும்தான் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர்வாள் என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பகுதி போர்வாளே அல்ல என்பதையும் புதியவர்கள் அறிய வேண்டும். கைப்பிடியின் உச்சியில் கவசம் அணிந்த வீரனின் தலையும் அலகில் சிலுவையும் இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ரீமேசன் போன்ற சங்கங்களின் சடங்கு வாள். நேரான, ஒடுக்கமான 1860 மாதிரி இராணுவ வாள்தான் என்றாலும் விழா உடைக்கானது, எளிதாகக் கிடைப்பது. 1902 மாதிரி இன்றுவரை அமெரிக்க இராணுவ அதிகாரிகளின் விதிமுறை வாளாக இருக்கிறது. ஆகவே அதில் பழையதும் உண்டு, சென்ற ஆண்டு செய்ததும் உண்டு. விரலைக் காக்கும் வளைவு இல்லாத மாமலூக் வாள் கடற்சார் படையான மெரீன்களுடையது. 1805-இல் திரிப்போலி நாட்டு டெர்னா நகரில் போரிட்ட மெரீன் அதிகாரி ஓ'பானனின் நினைவோடு பேசப்படும் வாள் அது.

விலையைப் பற்றிக் கட்டுரை நிறையச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய ஜெனரல் கிராண்ட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட ஒரு வாள் 2007-இல் 16 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது உண்மை. ஆனால் யாருக்கு, யாரால், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது மறுக்க முடியாத சான்றோடு நின்றதால்தான் அந்த விலை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டதை நாம் அனைவரும் பெருமையோடு பேசினோம். அங்கே ஈமக்குழியிலிருந்து இரும்பு வாளும் எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர்கள் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவில்லை. பழைய இரும்பின் துருவுக்குள் உறையின் மரநாரும், சுற்றியிருந்த துணியின் இழையும்கூட அச்சாகப் பதிந்து நிற்பதுண்டு என்பது ஆய்வாளர்கள் அறிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நிற்கும் நடுகற்களில் வீரன் கையில் உள்ள வாளின் வளைவையும் பிடியையும் பார்த்தாலே எத்தனை வகை வாள்கள் இந்த மண்ணில் புழங்கின என்பது விளங்கும். தகடூர் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவை, தொண்டைமானின் படைக்கொட்டிலில் நெய் பூசி மயிற்பீலி சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். நுனி முறிவே அங்கே சாட்சி. இன்றைய சேகரிப்பாளரும் அலகின் விளிம்பில் உள்ள ஒரு சிறு வெட்டுத்தடத்தை அப்படித்தான் மதிக்கிறார். அதைச் சாணை பிடித்துச் சமன் செய்வதை ஒருபோதும் ஒப்பமாட்டார்.

ஆனால் நம்மிடையே நடப்பது என்ன? தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெரியதனக்காரர் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்த வாளைக் காட்டினார்கள். பூசைக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கதவு செய்யும் பட்டறையில் கொடுத்து கிரைண்டர் அடித்திருந்தார்கள். அலகின் அடியில் ஏதோ எழுத்து இருந்ததற்கான நிழல் மட்டும் தெரிந்தது; மூன்று எழுத்தின் கால்கள் மிச்சம். அது கம்பெனி வாளா, மைசூர் வாளா, பாளையக்காரர் பட்டறையில் அடித்ததா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. அந்தக் குடும்பத்தார் அந்த வாளைத் தெய்வமாக மதிப்பவர்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே என் வருத்தம். சில வீடுகளில் அதுவும் இல்லாமல் காயலான் கடைக்கு எடைக்குப் போயிருக்கின்றன.

வழிபாட்டை மாற்றச் சொல்லவில்லை. சௌடேஸ்வரி அம்மன் கோயிலில் 'கத்தி போடுதல்' என்னும் சடங்குக்கான வாள்கள் புழக்கத்தில் இருப்பவை. அவை அப்படியே இருக்கட்டும். பரம்பரையாகப் பெட்டியிலும் பரணிலும் இருக்கும் வாளுக்கு மட்டும் சில வேண்டுகோள்கள். பூசைக்குச் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வைப்பதென்றால் அலகில் பூசாமல் கைப்பிடியில் கட்டிய துணியில் வையுங்கள்; ஈரச் சந்தனம் ஓர் இரவிலேயே இரும்பில் கறையை ஏற்றிவிடும். வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு விரல் ரேகையோடு துருவாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தோல் உறைக்குள் வாளை ஆண்டுக்கணக்கில் செருகி வைக்காதீர்கள். பதனிட்ட தோலும் ஈரமும் சேர்ந்து அலகை உள்ளிருந்தே அரிக்கும். வாளையும் உறையையும் அருகருகே தனித்தனியாக வையுங்கள். உதிரும் செந்துருவை மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்மெழுகை மிக மெல்லியதாகப் பூசலாம். பழுப்பும் கருமையும் அப்படியே இருக்கட்டும். அவை இரும்புக்குத் தீங்கு செய்வதில்லை.

நூறாண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த வாள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும் என்பதையும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம் என்பதையும், 'அமெரிக்காவில் நல்ல விலை' என்ற வரியைப் படித்து ஆசைப்படும் இளைஞர்களுக்குத் தாங்கள் தெளிவாக அச்சிட வேண்டும். வைத்திருப்பதற்கான ஆயுதச் சட்ட நடைமுறையைக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கள் நாளிதழிடம் இரண்டு வேண்டுகோள்கள். தேய்க்கச் சொன்ன அறிவுரைக்கான திருத்தத்தை ஆயுத பூசைக்கு முன்பே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அடுத்ததாக, கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களில் மாதம் ஒரு நாள் மக்கள் தங்கள் வீட்டு வாளைக் கொண்டுவந்து, அளந்து, படம் எடுத்து, பதிந்துகொண்டு திருப்பி எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யும்படி மாவட்ட நிர்வாகங்களை எழுத்து மூலம் கேளுங்கள். வாளை வாங்கிக்கொள்வார்களோ என்ற அச்சத்தால்தான் பலர் வெளியே காட்டத் தயங்குகிறார்கள். உரிமை உங்களுடையதே என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் நீங்கும். அப்படி ஒரு நாள் அமைந்தால், அளக்கும் வேலைக்கு என் வெர்னியரோடு நான் வந்து உதவுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.